அழிறப்பர் பாவிக்கக் கூடாத கொப்பி

போன கிழமை ஒரு இளம் ஆசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வகுப்புக்கு வந்தவர். குரலில் அவசரம்.

"சேர், சுற்றாடல் தினப் போட்டோ பழையது ஏதும் உங்களிட்ட இருக்கோ?"

"பழசு எதுக்குப் பிள்ளை?"

"இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள வட்ஸ்அப் குழுவில போடட்டாம் சேர். ஆறு போட்டோ. பிள்ளையள் மரம் நடுற மாதிரி ரெண்டு, குப்பை பொறுக்கிற மாதிரி ரெண்டு, சிரிக்கிற மாதிரி ரெண்டு. நாங்க இன்னும் தினம் கொண்டாடேல்ல. தவணைப் பரீட்சை நடக்குது."

"பழைய போட்டோவில நான் நிப்பனே."

"அது பரவாயில்லை சேர். உங்களை வெட்டிப்போட்டுப் போடுவன்."

மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, வயிறு கலங்கும். மற்றவர்கள் மேசையில் அடிக்கும் நேரத்தில் நான் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். முப்பது வருடச் சேவையில் நான் எதிர்த்துப் பேசாமல் விட்ட இடங்களில் பாதி அப்படி விடப்பட்டவைதான். ஆகவே இதை எழுதுகிறேன். எழுதும்போது கழிவறை பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. சிரிக்கிற மாதிரி இரண்டு கேட்டார்களே, அவர்களில்தான் கோபம். அவர்களை இந்த நிலைக்குப் பழக்கிவிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதில் அதைவிடப் பெரிய கோபம்.

கல்வியியற் கல்லூரியில் எனக்குச் சுற்றாடல் கற்பித்தவர்கள் மூன்று வருடமும் படம் ஒட்டிய காட்சி அட்டைகள் செய்யவே கற்பித்தார்கள். காட்டு அட்டை, கடல் அட்டை, குள அட்டை. என் முதல் நியமனம் கந்தளாய்ப் பக்கம். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் குளம். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, சாத்திய ஜன்னலின் மேல் குளத்தின் படத்தை ஒட்டி, "இதுதான் குளம்" என்று தொடங்கினேன். முன் வாங்கிலிருந்த ஒருத்தி கை உயர்த்தினாள்.

"சேர், அப்ப வெளிய இருக்கிறது என்ன?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் வியர்த்துக்கொண்டு. அடுத்த கிழமை படத்தைக் கழற்றினேன். அதற்குப் பதிலாக ஒரு கொப்பி தொடங்கினேன். என் வாழ்க்கையில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது அந்தக் கொப்பி மட்டும்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

ஒரு பக்கத்தில் நான்கு நிரல் கீற வேண்டும். முதலாவதில் நாளும் நேரமும். இரண்டாவதில் இடம். மூன்றாவதில் கண்டது. நான்காவதில் நினைப்பது. மூன்றாவது நிரம்பாமல் நான்காவதில் கை வைக்கக் கூடாது. "கவலையாக இருந்தது", "அழகாக இருந்தது" எல்லாம் நான்காவதில்தான். மூன்றாவதில் கண், காது, மூக்கு மட்டும். அழிறப்பர் வகுப்புக்குள் வரக் கூடாது. பிழையாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பது வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் நான் சிவப்புப் பேனையால் கையொப்பம் வைப்பேன். நான்காவது நிரலில் எழுதியதை நான் ஏற்றுக்கொண்டால் பக்கத்தில் "சரி" என்று போடுவேன். ஏற்காவிட்டால் ஒரு கேள்விக்குறி. திருத்த மாட்டேன்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். பெரியவர்களுக்குத்தான் நான்கு நிரலும் கலந்துபோய்விடுகின்றன.

பிறகு மாற்றலாகித் திருகோணமலை நகரத்துக்கு வந்தேன். கடலுக்குக் கிட்டிய பள்ளிக்கூடம். பின்மதில் ஒரு இடத்தில் இடிந்திருந்தது. நகரத்து மான்களை எல்லோருக்கும் தெரியும்; பஸ் நிலையத்திலும் நிற்கும், கடற்கரையிலும் நிற்கும், முச்சக்கர வண்டிக்காரரிடம் வாழைப்பழத் தோலுக்காக வரிசையிலும் நிற்கும். எங்கள் மதில் உடைப்பு வழியாகவும் இடைவேளை நேரத்தில் ஒரு புள்ளிமான் உள்ளே வரும். இடது காது கிழிந்த ஆண் மான். வகுப்பு வகுப்பாகப் போய் வாசலில் நின்று உள்ளே பார்க்கும். ஒன்றும் சொல்லாது. போய்விடும். பிள்ளைகள் அதற்கு "இன்ஸ்பெக்டர்" என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூட அதிபருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது அவருக்கும் விளங்கித்தான் இருக்கும்.

அதிபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். ஒருபோதும் கட்டளை இட மாட்டார். என்னை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். ஏதாவது கடதாசியோடு அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றால் பேனையை எடுத்து மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார். பிடித்தால் கையொப்பம் வரும். பிடிக்காவிட்டால் மூடி "டக்" என்று பேனைக்கு ஏறும். பிறகு கடதாசியை இரண்டு விரலால் நம் பக்கம் தள்ளி, "பார்த்துச் செய்யுங்கோ" என்பார். எதைப் பார்க்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டார். நாங்கள் பார்த்து, நாங்களே செய்து, பிழைத்தால் நாங்களே மாட்டிக்கொள்வோம். அவருடைய எழுத்தில் ஒரு வரிகூட எங்கும் இருக்காது.

சுற்றாடல் தினத்தன்று வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குழி உண்டு. விருந்தினர் வந்து மரம் நடுவது அந்தக் குழியில்தான். அங்கேதான் நிழல், அங்கேதான் போட்டோவுக்கு வெளிச்சம் சரி. போன வருடம் நட்டதைக் காவலாளி முதல் நாள் பிடுங்கி வைத்து, குழியை மறுபடி வெட்டி வைப்பார். எத்தனை மரம் நட்டோம் என்று அலுவலகத்துக் கடதாசிக் கோவையில் ஒரு பட்டியல் இருக்கிறது. வாசலில் இன்றும் ஒரு குழிதான் இருக்கிறது.

நான் சுற்றாடல் கழகத்தின் பொறுப்பாசிரியர். ஒரு வருடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் பெருமைப்பட்டுக்கொண்ட யோசனைகளில் இதுதான் மிகக் கேவலமானது என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். விழா முடிய விருந்தினருக்கும் பெற்றோருக்கும் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுப்போம். சோறு, கோழி, பருப்பு, ஒரு பப்படம், எல்லாம் லஞ்ச் ஷீட் என்கிற மெல்லிய பொலித்தீன் தாளில் சுற்றி, அதை ஒரு சொப்பிங் பைக்குள் போட்டு. காலையில் அதே பிள்ளைகள் மேடையில் ஏறி பொலித்தீனை ஒழிப்போம் என்று பேசி முடித்திருப்பார்கள். எனக்கு அதில் ஒரு சின்னக் கூச்சம் இருந்தது. கூச்சத்தை நான் எப்படித் தீர்த்தேன் தெரியுமா? ஒவ்வொரு பையிலும் ஒட்டுவதற்குப் பச்சை நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் அடிப்பித்தேன். பள்ளிக்கூடத்தின் பெயர், ஒரு இலை, அதன் கீழே "பசுமையைக் காப்போம்". அதிபர் மாதிரியைப் பார்த்ததும் மூடியைக் கழற்றிக் கையொப்பம் வைத்தார்.

விழா நன்றாக நடந்தது. பேச்சுகள் நீண்டன. மிஞ்சிய பார்சல்களும் வெறும் பைகளும் பின்மதிலுக்கு அப்பால் போய்ச் சேர்ந்தன. குப்பை அள்ளும் உழவு இயந்திரம் அந்தக் கிழமை வரவில்லை. இதை யார் கொண்டுபோய்ப் போட்டது என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை. போடச் சொன்னவன் நான்.

இரண்டாவது கிழமை செவ்வாய்க்கிழமை. இன்ஸ்பெக்டர் மதில் உடைப்புக்கு வெளியே செத்துக் கிடந்தது. வயிறு வீங்கியிருந்தது. யாரோ அறிவித்து மிருக வைத்தியர் வந்தார். மற்ற மான்களுக்கும் தொற்றுகிற வருத்தமா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்த இடத்திலேயே வெட்டினார். பிள்ளைகளை உள்ளே வைத்திருக்கச் சொன்னார்கள். நான் வைத்திருந்தேன். ஒருத்தியைத் தவிர.

சுமையா தரம் நான்கு. மெலிந்த பிள்ளை, பின் வாங்கு, வாயைத் திறந்து கேள்விக்குப் பதில் சொல்ல வைக்க எனக்கு ஒரு தவணை முழுக்கச் சென்றது. ஆனால் கொப்பி என்றால் அவளுடையதுதான் கொப்பி. வருடத் தொடக்கத்திலிருந்து அவள் எழுதியது ஒரே ஒரு மானைத்தான். அது என்ன தின்றது, எந்த வகுப்பில் எவ்வளவு நேரம் நின்றது, எந்தக் கால் நொண்டியது என்று. கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனவள், மதிலோரம் கிடந்த கல்லின் மேல் ஏறி நின்று எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை கையொப்பத்துக்கு வந்த பக்கம் இது:

செவ்வாய், 10.40. பின்மதில். இன்ஸ்பெக்டர் செத்துக் கிடந்தது. வைத்தியர் வயிற்றை வெட்டினார். உள்ளே லஞ்ச் ஷீட் நிறைய இருந்தது. ஒரு சொப்பிங் பை இருந்தது. வைத்தியர் கம்பால் விரித்தார். எங்கள் பள்ளிக்கூட ஸ்டிக்கர் இருந்தது.

நான்காவது நிரலில் மூன்று சொல்: இது எங்கள் பார்சல்.

நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். "கையெழுத்து நல்லம்" என்று எழுதினேன். மனிதன் பயந்தால் என்னவெல்லாம் எழுதுவான் பாருங்கள். "சரி" போடவில்லை. கேள்விக்குறியும் போடவில்லை. அந்த நிரலைத் தொடவே இல்லை.

வினை என்னவென்றால், அந்தக் கொப்பிகளை வலயக் கண்காட்சிக்கு அனுப்புவதென்று முதலே முடிவாகியிருந்தது. அந்த வருடம் கண்காட்சி எங்கள் மண்டபத்தில்தான். திங்கட்கிழமை அதிபர் கொப்பிகளைப் பார்வையிட்டார். என்னைக் கூப்பிட்டார். சுமையாவின் கொப்பி மேசையில் திறந்தபடி இருந்தது. பேனை மூடி கையில் இருந்தது.

"மாஸ்டர், வெள்ளிக்கிழமை கண்காட்சி."

"ஓம் சேர்."

"மேலிடத்திலயிருந்து வருவினம்."

"ஓம் சேர்."

"பிள்ளை நல்லா எழுதுது." டக். "இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் வடிவில்லாம இருக்கு. பார்த்துச் செய்யுங்கோ."

"கிழிக்கவோ சேர்?"

"நான் கிழிக்கச் சொன்னனானோ?"

"இல்லை சேர்."

கொப்பி இரண்டு விரலால் என் பக்கம் வந்தது. நான் வாசலுக்குப் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "உங்களுக்கும் வயது போகுது மாஸ்டர். இந்த வயதில தூர இடத்துக்கு மாறி, பஸ்ஸில நிண்டு போய் வாறதெண்டா முழங்கால் தாங்காது. கவனம்."

என் முழங்கால் அவர் சொல்லும்வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. படியிறங்கும்போது வலிக்கத் தொடங்கிவிட்டது. அன்று இடைவேளையில் நான் இரண்டு முறை கழிவறைக்குப் போனேன். மூன்றாவது முறை போகும் வழியில் சுமையாவைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதுவமோ பிள்ளை?"

"என்ன பிழை சேர்?"

"பிழை ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் சேர்?"

"கையெழுத்துக் கொஞ்சம்…"

அவள் சிவப்பு எழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "நல்லமெண்டு நீங்கதானே போட்டிருக்கீங்க."

"சரி, ஸ்டிக்கர் எண்ட வசனத்தை மட்டும் அழிப்பமோ?"

அவள் குறும்பாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னாள். "அழிறப்பர் கொண்டு வரக் கூடாதெண்டு நீங்க சொன்னீங்க. எங்கிட்ட இல்ல சேர்."

அடுத்த நாள் 12.50க்குப் பிள்ளைகள் கை கழுவப் போயிருந்த நேரம், நான் அலுமாரியைத் திறந்து பழைய கலண்டர் ஒன்றை எடுத்தேன். அதில் ஒரு புள்ளிமான். நல்ல கொழுத்த மான், பின்னால் பச்சைக் காடு, காது இரண்டும் முழுசாக. கத்தரித்து, பசை பூசி, சுமையாவின் பக்கத்தின் மேல் ஒட்டினேன். அளவு அப்படியே பொருந்தியது. செத்த மானின் மேல் கலண்டர் மான். இதைச் செய்யும்போது நான் விசில் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது. பயந்தவன் விசில் அடிப்பான், யாரும் கேட்டால் சும்மா நிற்கிறேன் என்று காட்ட.

இதில் எனக்குக் கோபம் எங்கே வருகிறது என்றால், யாரும் என்னை மிரட்டவில்லை. துவக்கை நீட்டிக்கொண்டு யாரும் நிற்கவில்லை. ஒரு பேனை மூடி "டக்" என்றது. அவ்வளவுதான். அதற்கே அத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே ஒரு விதியை நான் பசை போட்டு மூடினேன். கடலை, காட்டை, மானைக் காப்பாற்றுவதென்று நாங்கள் வகுப்பில் பேசுவதெல்லாம் அந்த மூடிச் சத்தம் கேட்கும்வரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை காலை மேசை விரித்து, துணி போட்டு, கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வருபவர்கள் திறப்பதற்கு வசதியாகக் கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். சுமையாவின் கொப்பியில் கலண்டர் மானுக்கு அடுத்த பக்கத்தில், கொப்பி வகுப்பு மேசையில் கிடந்த நாட்களில் அவள் எழுதிய புதுக் குறிப்பு ஒன்று இருந்தது.

செவ்வாய், 12.50. எங்கள் வகுப்பு ஜன்னலடி. சேர் அலுமாரியிலிருந்து கலண்டர் எடுத்தார். மானைக் கத்தரித்தார். என்ர பக்கத்தின் மேல் ஒட்டினார். விசில் அடித்தார்.

நான்காவது நிரல்: சேருக்குப் பயம்.

மண்டப வாசலில் வாகனம் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கழிவறைக்கு ஓடலாம் என்று முதலில் தோன்றியது. ஓடியும் விட்டேன், பாதி வழி. தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். அங்கே நின்றபடி சிவப்புப் பேனையை எடுத்து, "சேருக்குப் பயம்" என்பதற்குப் பக்கத்தில் "சரி" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். வேறு என்ன செய்வது? ஏற்றுக்கொண்டால் "சரி" போடுவது என் விதி. அவள் எழுதியது நூற்றுக்கு நூறு சரி.

அந்த "சரி" போட்டவுடன் முந்தின பக்கத்தை விட்டுவைக்க ஏலாமல் போய்விட்டது. விரலில் தண்ணீர் தொட்டு, கலண்டர் மானை மெதுவாக உரித்தேன். காடு வந்தது, உடம்பு வந்தது, ஒரு முன்னங்கால் மட்டும் வராமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. கீழே இருந்த எழுத்து ஈரத்தில் கொஞ்சம் ஊறினாலும் வாசிக்கக் கூடியதாக இருந்தது. "இது எங்கள் பார்சல்" என்பதற்குப் பக்கத்திலும் "சரி" போட்டேன். கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

வந்த அதிகாரி நிதானமாக வாசிக்கும் ஆள். எனக்கு வாய்த்தது அப்படி. இரண்டு பக்கத்தையும் வாசித்தார். அதிபர் அவருக்குப் பின்னால் நின்றார்.

"இது ஆர் எழுதினது?"

"பிள்ளை."

"ஒரு தரம் நாலுப் பிள்ளை இப்பிடி எழுதாது. நீங்க சொல்லிக் குடுத்திருக்கிறீங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் தன் கொப்பிக்குக் காவலாக நின்ற சுமையாதான் சொன்னாள்.

"சேர் சொல்லித் தரேல்ல. சேர் ஒட்டினவர்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கொப்பியை மூடி, மேசைத் துணிக்குக் கீழே, பதாகைக் கம்புகளோடு வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவர் நகர்ந்ததும் சுமையா குனிந்து கொப்பியை எடுத்து மறுபடி மேசையில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அன்று நான் செய்த இரண்டாவது வீரச் செயல் அது.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு வரியில் பதில் எழுதினேன்: "மாணவி கண்டதை எழுதியிருக்கிறார், பார்சலுக்குப் பொறுப்பு நான்." அதிபர் அதை வாசித்துவிட்டு, மூடியைப் போட்டு, "பார்த்துச் செய்யுங்கோ" என்றார். பார்த்தேன். அப்படியே அனுப்பினேன். இடமாற்றம் வரவில்லை. கழகப் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கண்டதை எழுதும் கொப்பி நிறுத்தப்பட்டு, பிள்ளைகள் நிறம் தீட்டுவதற்கு அச்சடித்த புத்தகம் வந்தது. அதில் மான் பச்சைக் காட்டில் நின்றது.

அடுத்த வருடச் சுற்றாடல் தினத்திலும் பார்சல் கொடுத்தார்கள். அதே லஞ்ச் ஷீட், அதே சொப்பிங் பை. ஒரே ஒரு சீர்திருத்தம் நடந்திருந்தது. ஸ்டிக்கர் இல்லை.

மான் செத்ததிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் படித்துக்கொண்ட பாடம், பைகளில் பெயர் போடக் கூடாது என்பது.

அந்த இளம் ஆசிரியைக்கு நான் போட்டோ அனுப்பவில்லை. ஒரு வெறுந்தாளில் நான்கு நிரல் கீறி, அதைப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சேர், இதில பிள்ளையள் ஒருத்தரும் இல்லையே." குரல் பதிவில் சொன்னேன். "இதைப் பிள்ளையளிட்ட குடுங்கோ, அவையள் வருவினம். ஒண்டு மட்டும் கவனம். நாலாவது நிரலில ஒருநாள் உங்களைப் பற்றியும் வரும். வந்தா ஒட்டாதீங்கோ."

அவர் "ஓகே சேர்" என்று மட்டும் அனுப்பினார். விளங்கியிருக்காது. எனக்கே முழுதாக விளங்கியது மான் செத்த அந்த வருடம் முடியும்போதுதான். கொப்பிகளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கும் நாளில் சுமையா தன்னுடையதைக் கொண்டுவந்து, கடைசியாக ஒரு கையொப்பம் பாக்கி இருக்கிறது என்றாள். திறந்து காட்டினாள்.

வெள்ளி, 8.15. தண்ணீர்க் குழாயடி. சேர் மானை உரித்தார். திரும்பித் திரும்பி மண்டப வாசலைப் பார்த்தார். ஒரு கால் வரவில்லை.

நான்காவது நிரல்: சேருக்கு இன்னும் பயம்தான். ஆனால் உரித்தார்.

சிவப்புப் பேனையை எடுத்தேன். முதல் வசனத்துக்கு மட்டும் "சரி" போட்டேன். இரண்டாவதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன், முதலில் ஒட்டியதும் நான்தானே என்று. அவள் கேள்விக்குறியைப் பார்த்தாள். என் கையிலிருந்த பேனையைக் கேட்டு வாங்கினாள். கேள்விக்குறியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், கீழே இருப்பது வாசிக்கக் கூடியதாக.